பொகோதாத் தோலும் பெயரற்ற வேடரும்

பிலடெல்பியா நகரிலுள்ள இயற்கை விஞ்ஞானக் கழகத்தின் சேகரிப்பிலே பஞ்சடைத்த சிறு பறவைத் தோல் ஒன்று இருக்கிறது. உடல் கருநீலம், நெற்றியிலும் கழுத்திலும் மின்னும் பச்சை, வாலோ நீண்டு இரு கூறாகப் பிளவுபட்டது. கொலம்பியாவின் தலைநகரான பொகோதாவிலே, 1909-ஆம் ஆண்டில், அது விலைக்கு வாங்கப்பட்டது. வாங்கியவர் யாரென்பதும் நமக்குத் தெரியும். அவர் லா சால் சபையைச் சேர்ந்த அருட்சகோதரர் நிசேபொரோ மரியா. ஆயின், அப்பறவை எந்த மலைச்சரிவிலே வாழ்ந்தது, அதனை வீழ்த்திக் கொணர்ந்தவர் எந்த ஊரார் என்னும் இரு வினாக்களுக்கும் அத்தோலோடு எவ்வித விடையும் வந்து சேரவில்லை.

இவ்விரு வினாக்களும் வேறு வேறானவை போலத் தோன்றும். முதலாவது விஞ்ஞானியின் வினா. இரண்டாவது வரலாற்று மாணவனின் வினா. இரண்டும் உண்மையில் ஒரே வினாவே என்பதை இக்கட்டுரையிலே எடுத்துக்காட்ட முயல்வோம்.

முதலிற் பறவையை அறிந்துகொள்ளல் வேண்டும். ஆங்கிலத்தில் 'ஹம்மிங் பேர்ட்' எனப்படும் ரீங்காரச்சிட்டு அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே உரியது. நமது முற்றங்களிலே செவ்வரத்தம்பூவை நாடிவரும் தேன்சிட்டு வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. தேனருந்தும் தொழில் ஒன்றாயினும் இரண்டுக்கும் நெருங்கிய உறவு இல்லை. ரீங்காரச்சிட்டுகளில் முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பலவற்றின் தாயகம் அந்தீஸ் மலைத்தொடரின் ஈரக்காடுகளாகும். கொலம்பியாவில் மட்டும் நூற்றறுபதுக்கு மேற்பட்ட இனங்கள் காணப்படுகின்றன. பூவின் முன்னே அந்தரத்தில் நின்றபடி தேனை உறிஞ்சும் இப்பறவையின் இதயம் பறக்கும்போது நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேலே துடிக்கக்கூடியது. உயர்மலையின் குளிரிரவிலோ உடற்சூட்டைப் பெரிதும் தாழ்த்தி, உயிர் ஒடுங்கியது போலக் கிடந்து, விடியலில் மீண்டும் எழும்.

அதன் நிறத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். பின்வரும் வரலாறு முழுவதற்கும் அந்நிறமே காரணம். ரீங்காரச்சிட்டின் ஒளிநிறம், மயிற்பீலியின் நிறத்தைப் போலவே, சாயத்தினால் மட்டும் ஆவதன்று. இறகினுள்ளே அடுக்கடுக்காக அமைந்த நுண்ணிய தகடுகளிற் பட்டுத் திரும்பும் ஒளியினாலே அது தோன்றுகிறது. ஆகவே பறவை இறந்த பின்பும் அந்நிறம் மங்குவதில்லை. மலரைக் கொய்தால் வாடும். கனியைப் பறித்தால் அழுகும். கொன்ற பின்னரும் ஒளிவிடும் பண்டம் கப்பலேறுவதற்கு மிகவும் ஏற்றது. வணிகர் இதனை விரைவிலேயே கண்டுகொண்டனர்.

ஸ்பானியர் இப்பறவைக்கு வழங்கிய பழைய பெயர்களுள் ஒன்று 'தொமினேஹோ' என்பதாகும். 'தொமின்' என்பது பொன்னும் வெள்ளியும் நிறுக்கப் பயன்பட்ட ஒரு சிற்றெடை. பறவையின் இலேசான உடலைக் குறிக்கவே அப்பெயர் இடப்பட்டது. ஆயினும் பொன்னைத் தேடி வந்தவர்கள், தாம் முன்பின் கண்டிராத ஓர் உயிருக்குப் பெயர்வைக்க முற்பட்டபோது தராசுப் படியின் பெயரே அவர்கள் நாவில் வந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1538-இல் அவர்கள் பொகோதா நகரை நிறுவிய மேட்டுநிலம் முயிஸ்கா மக்களின் நிலமாகும். பொன்னுக்காகப் பறிபோன அந்நிலத்திலிருந்து மூன்று நூற்றாண்டுகளின் பின் இறகும் ஏற்றுமதியாகத் தொடங்கிற்று.

1830-களின் இறுதியில் பொகோதாவிலிருந்து பறவைத் தோல்கள் ஐரோப்பாவுக்குச் செல்லலாயின. பாரிஸ் நகரத்துப் பறவையியலார் அவற்றைப் பிரித்துப் பார்த்துப் புதிய இனங்களுக்குப் பெயர்சூட்டத் தொடங்கினர். உடலினும் நீண்ட அலகையுடைய வாளலகுச் சிட்டை, பொகோதாவிலிருந்து வந்த தோலைக் கொண்டு, புவாசொன்னோ என்பவர் 1840-இல் விவரித்தார். இவ்வாறு வந்த தோல்களுக்கு வணிக உலகிலும் விஞ்ஞான உலகிலும் ஒரே பெயர் நிலைத்தது: 'பொகோதாத் தோல்'.

இவற்றைச் சேகரித்தவர்கள் யாவர்? மலைச்சரிவுகளிலே வாழ்ந்த ஏழைக் குடியானவரும் பழங்குடி வேடருமே. ஊதுகுழாயினுள்ளே சிறு உருண்டையை வைத்து, இறகு சிதையாதவாறு பறவையை அவர்கள் வீழ்த்தினர். தோலை உரித்துப் பதப்படுத்துவதும் உள்ளூர்க் கைகளின் வேலையே. விரலளவு உடலிலிருந்து கிழிசலின்றித் தோலை வாங்குவது எளிதான காரியமன்று. அத்தொழிலாளர் தமக்கென ஒரு முறையைக் கையாண்டனர். அம்முறை எத்துணைத் தனித்தன்மை உடையதெனின், நூதனசாலைப் பெட்டியிலே தோலைப் பார்த்த மாத்திரத்தில், "இது பொகோதாத் தயாரிப்பு" என்று அனுபவமிக்க பறவையியலார் இன்றும் கூறிவிடுவர். செய்த கையின் அடையாளம் இவ்வளவு தெளிவாக இருக்கிறது. செய்தவரின் பெயர் ஓர் ஏட்டிலேனும் ஏறவில்லை.

இனி, கடலுக்கு அப்பால் நோக்குவோம். 1851-இல் இலண்டனிலே உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. அதே ஆண்டு ரீஜன்ட் பூங்காவிலிருந்த விலங்குத் தோட்டத்திலே, ஜோன் கூல்ட் என்னும் பறவையியலாளர் தாம் சேர்த்த ரீங்காரச்சிட்டுகளைக் கண்ணாடிப் பேழைகளில் வைத்துக் காட்டினார். கட்டணம் ஆறு பென்ஸ். 75,000 பேருக்கு மேல் வந்து பார்த்தனர். விக்ரோறியா மகாராணியும் வந்தார். 1849 முதல் 1861 வரை ஐந்து தொகுதிகளாக அவர் வெளியிட்ட நூலில் 360 வண்ணப் படங்கள் இருந்தன. அவர் இறந்த 1881-ஆம் ஆண்டில் பிரித்தானிய நூதனசாலை வாங்கிக்கொண்ட அவரது சேகரிப்பில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ரீங்காரச்சிட்டுகள் இருந்தன. இத்தகைய கூல்ட், உயிருள்ள ரீங்காரச்சிட்டு ஒன்றை முதன்முதலாகக் கண்டது 1857-இல், பிலடெல்பியா நகரிலேதான். அந்தீஸ் மலையை அவர் மிதித்ததேயில்லை. நூலிலே அவர் பெயர் நிலைபெற்றது. மலையிலே நாள்தோறும் அப்பறவைகளின் வரவையும் செலவையும் அறிந்திருந்தவருக்கு நூலும் இல்லை, பெயரும் இல்லை.

கூல்டின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று. அவரது நூலின்றி இப்பறவையினங்கள் பற்றிய அறிவு அக்காலத்தில் இவ்வளவு விரைவாக வளர்ந்திராது. அறிவு வளர்ந்த விதத்திலே உழைப்புப் பிரிவினை எவ்வாறு அமைந்திருந்தது என்பதையே சுட்டுகிறோம். கண்டவர் ஒரு கரையிலும் எழுதியவர் மறு கரையிலும் இருந்தனர். இடையிலே வணிகர் இருந்தனர்.

அவ்வணிகருக்கு விஞ்ஞானிகள் மட்டும் வாடிக்கையாளர் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே மேனாட்டுச் செல்வச் சீமாட்டியரின் தொப்பிகளிற் பறவைகள் ஏறின. இறகு மட்டுமன்றிச் சில வேளை முழுப் பறவையுமே ஏறிற்று. 1886-இல் பிராங்க் சாப்மன் என்னும் அமெரிக்கப் பறவையியலாளர் நியூயோர்க் நகர வீதிகளிலே நடந்து பெண்களின் தொப்பிகளை எண்ணினார். 700 தொப்பிகளுள் 542 இறகு சூடியிருந்தன. இத்தொழிலுக்கு வேண்டிய இறகின் பெருஞ்சந்தை இலண்டன் மின்சிங் லேன் வீதியின் ஏல மண்டபங்களாகும். 1912 ஆகஸ்டு மாத ஏலத்திலே 1,600 ரீங்காரச்சிட்டுத் தோல்கள், தோலொன்று இரண்டு அமெரிக்கச் சதம் வீதம் விலைபோயின என நியூயோர்க் விலங்குத் தோட்டத்தின் அதிபராயிருந்த ஹோர்னடே 1913-இல் வெளியிட்ட நூலிலே எழுதினார். இலண்டனிலே விலை இரண்டு சதமாயின், ஏலக்காரரின் தரகும் கப்பற் கூலியும் இடைத்தரகரின் இலாபமும் போக, மலைச்சரிவிலே ஊதுகுழாய் ஏந்தி நின்றவரின் கையில் என்ன எஞ்சியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மின்சிங் லேன் என்னும் பெயர் நமக்குப் புதியதன்று. நம் மலையகத்துத் தேயிலை ஏலம் கூறப்பட்டதும் அவ்வீதியிலேதான். பெட்டியின் மேலே தோட்டத்தின் பெயர் இருந்தது. தரத்தின் குறியீடு இருந்தது. கொழுந்து பறித்த பெண்ணின் பெயர் இருக்கவில்லை. அத்தேயிலையின் கதையோடு இத்தோலின் கதையை ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு தெரிகிறது. தேயிலைப் பெட்டியிலே உழைத்தவரின் பெயர் மறைந்தாலும் மண்ணின் பெயர் விலைக்காகவேனும் காப்பாற்றப்பட்டது. பொகோதாத் தோலிலோ உழைத்தவரோடு மண்ணின் பெயரும் சேர்ந்தே மறைந்தது. தொப்பிக்கு ஊர் எதற்கு?

ஊர் மறைந்ததன் விளைவு என்ன? பொகோதா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,600 மீற்றர் உயரத்திலுள்ள நகரம். அதற்கு மேற்கே இறங்கினால் மக்தலேனா ஆற்றின் வெப்பப் பள்ளத்தாக்கு; கிழக்கே இறங்கினால் ஒரினோக்கோ ஆற்றை நோக்கி விரியும் சமவெளி; மேலே ஏறினால் மரமற்ற குளிர்ப் புல்வெளி. சில நாள் நடைத்தூரத்துள்ளே இத்தனை உலகங்கள். ஒவ்வோர் உயரத்திலும் வேறு பூ. வேறு பூவிலே வேறு சிட்டு. இவை யாவற்றிலுமிருந்து வந்த தோல்கள் தலைநகர்ச் சந்தையிலே ஒன்றாகக் குவிந்து, 'பொகோதா' என்ற ஒரே சொல்லோடு கப்பலேறின. நெடுந்தீவிலும் நுவரெலியாவிலும் பிடித்த பறவைகளை ஒரே கூடையிலிட்டுக் 'கொழும்பு' என எழுதி அனுப்புவதை ஒத்தது இது.

தொப்பிகளை எண்ணிய அதே சாப்மன், பிற்காலத்திலே நியூயோர்க் நூதனசாலையின் சார்பில், 1911 முதல் 1915 வரை கொலம்பியாவில் விரிவான ஆய்வுப் பயணங்களை நடத்தினார். 1917-இல் வெளிவந்த அவரது பெருநூலின் பணிகளுள் ஒன்று, 'பொகோதா' என்ற சொல்லினுள்ளே புதைந்துகிடந்த பறவைகளை மீண்டும் அவற்றின் மலைகளிலும் பள்ளத்தாக்குகளிலும் கொண்டுபோய் வைப்பதாகும். வணிகம் குழப்பியதை விஞ்ஞானம் பெரும் பொருட்செலவில் ஒழுங்குபடுத்த வேண்டியதாயிற்று. வேடர் அறிந்திருந்ததையே மேனாட்டு ஆய்வாளர் கோவேறு கழுதைகளில் ஏறி மீண்டும் தேடிச் சென்றனர்.

இப்பொழுது நாம் தொடங்கிய தோலுக்கு வருவோம். எந்த இனத்தோடும் பொருந்தாத அத்தோலை அமெரிக்க விஞ்ஞானி கேரி கிரேவ்ஸ் ஆராய்ந்து, அது விஞ்ஞானம் அறியாத புதிய இனம் என 1993-இல் அறிவித்தார். 'ஹெலியாஞ்செலுஸ் சூசி' என்பது அவர் இட்ட பெயர். முதற்சொல் 'சூரியத் தூதன்' எனப் பொருள்படும் ஓர் இனக்குழுவின் பெயர். இரண்டாவது ரிச்சர்ட் சூசி என்னும் பறவையியலாளரைப் போற்றுவது. ஆதாரம் அந்த ஒரே தோல். அதனை ஒத்த பறவையை மலையிலே தேடுவதற்கு எந்த மலை என்று சொல்வார் இல்லை.

2010-இல் அத்தோலிலிருந்து எடுத்த மரபணுவை ஆராய்ந்த குழுவொன்று, அது தனி இனமே என்றும், ஒருவேளை அழிந்துபோயிருக்கலாம் என்றும் முடிவுகூறியது. காடுகள் பல வெட்டப்பட்ட நாட்டிலே அம்முடிவு நம்பத்தக்கதாகவே தோன்றிற்று. நூறாண்டுக்கு முன் சந்தையில் ஒரே ஒரு முறை தலைகாட்டி, பின்னர் உலகைவிட்டே மறைந்த பறவை என அனுதாபத்தோடு பேசப்பட்டது.

ஆனால் 2018-இல் வேறொரு குழு அந்த ஆய்வை மீண்டும் நிகழ்த்தியது. அவர்களுட் பலர் கொலம்பியாவையும் வெனிசுவேலாவையும் சேர்ந்தவர்கள். முன்னைய ஆய்விற் பங்குகொண்ட ஒருவரும் அவர்களோடு இணைந்திருந்தார். அந்தீஸ் மலைகளில் இன்றும் பரவலாக வாழும் நீள்வாற் சிட்டு என்னும் இனத்தின் மரபணுக்களைப் பல இடங்களிலிருந்தும் திரட்டி ஒப்புநோக்கியபோது, பிலடெல்பியாத் தோலின் தாய்வழி மரபணு அவ்வினத்தினுள்ளேயே அடங்கிற்று. ஆகவே அது நீள்வாற் சிட்டுப் பெட்டைக்கும் வேறோர் இனச் சேவலுக்கும் பிறந்த கலப்புப் பறவையாகவோ, அன்றி நிறம் திரிந்த ஒரு நீள்வாற் சிட்டாகவோ இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் முடிவு. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட அந்த இனம் ஒருபோதும் இருந்ததே இல்லை.

அந்த ஆய்விலே இன்னொரு செய்தியும் வெளிப்பட்டது. நீள்வாற் சிட்டின் மரபணு இடத்துக்கு இடம் சிறிது வேறுபடுவது. தோலின் மரபணுவோ கொலம்பியாவின் கிழக்கு மலைத்தொடரிலும் வெனிசுவேலா அந்தீசிலும் வாழும் கிளைக்கு உரியதாயிருந்தது. பொகோதா நகரம் அக்கிழக்கு மலைத்தொடரிலேயே உள்ளது. நூற்றொன்பது ஆண்டுகள் கழித்துத் தோலே தன் மலைத்தொடரைச் சொல்லிற்று எனலாம். ஊரை அதுவும் சொல்லவில்லை, சொல்லவும் இயலாது.

இவ்விடத்திலே நமது இரு வினாக்களும் ஒன்றாகின்றன. 1909-இல் பொகோதாச் சந்தைக்கு அத்தோலைக் கொணர்ந்தவரிடம் அல்லது அவருக்கு அதனை விற்ற வேடரிடம், "ஐயா, இதனை எங்கே பிடித்தீர்? இத்தகைய பறவையை முன்னர் கண்டதுண்டா?" என்று ஒருவர் கேட்டுப் பெயர்ச்சீட்டிலே இரண்டு வரி எழுதியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? குறித்த சரிவுக்குச் சென்று தேடியிருக்கலாம். அங்கே நீள்வாற் சிட்டுகள் திரிவதையும் கண்டிருக்கலாம். பிழை நேரவே நேராது என்று நாம் கூறவில்லை. பிழையைக் கண்டுபிடிக்கும் வழி நூறாண்டுகாலம் அடைபட்டிருக்காது என்றே கூறுகிறோம். ஏழையின் அறிவு கணக்கிலே சேர்க்கப்படாமைக்கான விலையை ஏழை மட்டும் கொடுப்பதில்லை. அறிவுலகமும் கொடுக்கிறது.

இறகு வாணிகம் முடிவுக்கு வந்த வரலாற்றையும் சுருக்கமாகக் கூறுதல் தகும். 1889-இல் இங்கிலாந்தின் மன்செஸ்ரர் நகருக்கு அருகே எமிலி வில்லியம்சன் என்னும் பெண்மணி, இறகு அணிவதில்லை என உறுதிபூண்ட பெண்களைக் கொண்டு ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அது வளர்ந்து 1904-இல் அரச பட்டயம் பெற்றது. அமெரிக்காவிலே 1913-ஆம் ஆண்டுத் தீர்வைச் சட்டம் காட்டுப் பறவை இறகின் இறக்குமதியைத் தடுத்தது. பிரித்தானியாவிலே 1921-இல் இறக்குமதித் தடைச்சட்டம் நிறைவேறி மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. தொப்பி அணிந்த வகுப்பிலிருந்தே எழுந்து, அத்தொப்பிக்கு எதிராகப் போராடிய அப்பெண்களின் துணிவு பாராட்டுக்குரியது. வாக்குரிமையே இல்லாத காலத்திலே அவர்கள் ஒரு சட்டத்துக்கு அடித்தளம் இட்டனர்.

எனினும் சட்டம் துறைமுகத்திலே நின்றுவிட்டது. மலையிலே வேடரின் வறுமைக்கு அது பரிகாரம் கூறவில்லை; அது அதன் நோக்கமும் அன்று. இன்று அந்தீஸ் ரீங்காரச்சிட்டுகள் பலவற்றுக்கு நேர்ந்துள்ள ஆபத்து ஊதுகுழாயினால் வந்ததன்று. காடு பயிர்நிலமாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மாறியதால் வந்தது. நிலமற்ற குடியானவர் சரிவிலே மேலும் மேலும் ஏற வேண்டியிருக்கும்வரை, காட்டைக் காப்பதும் குடியானவரைக் காப்பதும் ஒரே கேள்வியாகவே இருக்கும்.

ஆசிரியர்களாகிய நாம் மாணவரை நூதனசாலைக்கு அழைத்துச் செல்கிறோம். கண்ணாடிப் பேழைகளின் கீழே பொருளின் பெயரும் ஆண்டும் அளித்தவரின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். மாணவர் அவற்றைக் குறிப்பேட்டிற் பார்த்தெழுதுவர். அக்குறிப்போடு இன்னும் இரண்டு வினாக்களையும் எழுதும்படி கூறுவோமாக: இது எந்த மண்ணிலிருந்து வந்தது? இதனை எடுத்துத் தந்த கை யாருடையது? பல இடங்களில் விடைக்குரிய கோடு வெறுமையாகவே இருக்கும். அந்த வெறுமையும் வரலாற்றுச் சான்றே என்பதைப் பொகோதாவிலிருந்து பிலடெல்பியாவுக்குச் சென்ற அச்சிறு தோல் நமக்குக் கற்பிக்கிறது.